கொல்லிமலை ஏறுமுன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை போகும் பஸ்ஸில் பதினோரு வருடம் விசில் ஊதியவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. “ஏனுங் மாமா, ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போறோம். ஒரே நாள்ல எட்டு இடம் பார்க்கணும், எப்படிங்க போறது?” என்று போன் வரும். எட்டு இடத்தையும் பார்க்கலாம், வண்டி ஜன்னல் வழியாக. காலை நனைக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள், அதுவும் வாரநாளாகப் பார்த்து. அதற்குச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் மீதியைச் சொல்கிறேன்.

முதலில் வழி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. அங்கே மலை ஆரம்பம். அங்கிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருக்கும். ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு ரோடு உண்டு, அதில் வளைவு குறைவு. தலைசுற்றல்காரர்கள் சொந்த வண்டியில் அந்தப் பக்கம் போகலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் காரவள்ளியைத்தான் சொல்வேன். ஏறும்போதே காற்று மாறுவது மூக்குக்குத் தெரியும்.

காரவள்ளிக்கு முன்பே எல்லா டிக்கெட்டும் போட்டு முடித்துவிடுவேன். அதற்குமேல் ஒரு கை கம்பியில், ஒரு கை பையில் என்று நின்றால் எந்தக் கையால் கிழிப்பது? வருடக்கணக்கில் பார்த்ததில், முதல் இருபது வளைவு வரை சிரிப்பும் செல்ஃபியும். முப்பதைத் தாண்டினால் பேச்சு நிற்கும். ஐம்பதில் “அண்ணா, கவர் இருக்குதா?” அதனால் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பூரி வேண்டாம். கடைசி சீட்டில் உட்காராதீர்கள், நடுப்பக்கம் ஜன்னலோரம் பாருங்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சொந்த வண்டி என்றால் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். வளைவுக்கு முன் ஹாரன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், மலை ரோட்டில் சட்டமே அதுதான். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடித்த ஒரு தம்பியின் காரை, முப்பத்து சொச்சமாவது வளைவில் பிரேக் கருகிய வாசனையோடு பார்த்தேன். நல்ல வேளை, சுவரோரம் நின்றுவிட்டது.

மேலே போனதும் செம்மேட்டில் அறை போடுங்கள். மலைக்குத் தலைநகரம் மாதிரி ஊர் அது. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அங்கே சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகச் சங்கப் பாட்டில் வருகிற அதே ஓரிதான். ஆடி 17, 18 இரண்டு நாளும் அவனுக்கு விழா. அப்போது பஸ்ஸில் ஏறுபவர் ஏறிய காலை மாற்றி வைக்க முடியாது. கூட்டம் பிடிக்குமென்றால் வாருங்கள், அருவி பார்க்க அந்த நாட்கள் வேண்டாம்.

முதல் நாள் மதியம் மாசிலா அருவி, நம் அருவி. இரண்டும் சின்னவை, குழந்தைகளோடு குளிக்கலாம், அதிகம் நடக்கவும் வேண்டாம். வாசலூர்ப்பட்டி படகுக் குழாமை நேரம் மிச்சமிருந்தால் பாருங்கள். சாயங்காலம் சீக்குப்பாறை வியூ பாயின்டைவிட எனக்கு சேலூர்தான் பிடிக்கும். கீழே சமவெளி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்வரை அங்கேயே நிற்கலாம்.

எந்த லிஸ்டிலும் வராத இடம் ஒன்று கேட்டால், பஸ் ஜன்னலில் பச்சைப் படிக்கட்டு மாதிரி நெல் வயல் தெரியும் ஏதாவது ஒரு ஸ்டாப்பில் இறங்கி விடுங்கள். மலைக்கு மேலே, இரண்டு குன்றுக்கு நடுவே, அடுக்கடுக்காக நெல். ஓரத்தில் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். இங்கே ஊர்களை நாடு என்பார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு. “எந்த நாட்டுக்கு டிக்கெட்டுங்க?” என்று நான் கேட்டால் புதிதாக வந்தவர்கள் முழிப்பார்கள். வயல் வரப்பில் நடக்குமுன் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் ஆகாய கங்கை அருவி, காலையிலேயே. செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். கோயிலையொட்டி ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். அறுத்துச் சமைத்த மீன் மறுபடி ஒட்டி ஆற்றில் துள்ளி ஓடியதாகக் கதை. அதே ஆறுதான் கொஞ்ச தூரம் போய் முந்நூறு அடி கீழே விழுகிறது, பிறகு திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு இறங்குகிறது.

கோயில் பக்கத்திலிருந்து படிக்கட்டு. ஆயிரத்துக்கு மேல். போகும்போது இறக்கம் என்பதால் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். நானும் ஏமாந்தேன். பதினோரு வருடம் கோயில் வாசலில் வண்டியைத் திருப்பியவன், லீவு போட்டு மச்சானோடு ஒரே ஒரு நாள்தான் இறங்கினேன். சாப்பாடு மேலே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் வயிறு. பாதி தூரம்வரை சத்தம் மட்டும்தான், அருவி தெரியாது. கடைசிப் படிகளில் சட்டென்று குளிரும், சட்டை ஈரமாகிவிடும், அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். மூன்று பக்கமும் பாறைச் சுவர், நடுவில் வெள்ளையாகத் தண்ணீர். நேராக அதன் கீழே போய் நிற்க முடியாது, முகத்தில் ஊசி குத்துவது போல அடிக்கும், வாயைத் திறந்தால் மூச்சு உள்ளே போகாது. ஓரமாக, முதுகைக் காட்டி நில்லுங்கள். பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபடி நகர்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஏறும்போது இருநூறு படியில் என் முழங்கால் பூட்டிக்கொண்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளரிக்காய் விற்ற ஒரு அம்மா என்னைப் பார்த்து, “கண்டக்டரு தானுங்க நீங்க? உக்காராதீங்க, உக்காந்தா கால் புடிச்சுக்கும். நின்னுக்கிட்டே மூச்சு வாங்குங்க” என்றார். கூடையிலிருந்து உப்பு போட்ட நெல்லிக்காய் இரண்டைக் கையில் வைத்தார். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்கிற கணக்கு: நாற்பது படி, நின்று இளைப்பாறல், மறுபடி நாற்பது. ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டில், ஊன்ற ஒரு கம்பு. தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள், குரங்கு வாங்கிக்கொள்ளும். முழங்கால் வலி, இதயக் கோளாறு இருப்பவர்கள் கோயிலோடு நின்றுவிடுங்கள். ஆற்றில் வெள்ளம் என்றால் கேட்டை மூடிவிடுவார்கள், சாயங்காலத்திலும் இறங்க விடுவதில்லை. அங்கே வாக்குவாதம் செய்யாதீர்கள். மழை ஓய்ந்த மார்கழியில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் அடிக்காது. மாசி, பங்குனியில் வந்தவர்கள் “இவ்வளவுதானா?” என்று கேட்டுக்கொண்டு என் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்கள்.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப் குடியுங்கள். பாறையில் வளரும் கிழங்கு அது. பழுப்பு ரோமத்தோடு, தீயில் வாட்டாத ஆட்டுக்கால் மாதிரியே குவித்து வைத்திருப்பார்கள். தோலைச் சீவி, இடித்து, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கண்ணை மூடிக் குடித்தால் ஆட்டுக்கால் சூப்பேதான். சைவக்காரர்களை ஏமாற்றிவிட்டதாக என் மச்சான் சந்தேகப்பட்டு, கடைக்காரரைக் கிழங்கை வெட்டிக் காட்டச் சொன்னான்.

சித்தர் குகைக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால், காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தெரியாத பாதையில் தனியாக வேண்டவே வேண்டாம்.

திரும்பும்போது சோளக்காட்டில் மிளகு, மலைவாழை, சீசன் என்றால் பலாப்பழம். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், போனில் சிக்னல் வரும், போகும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். பலாவுக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. அதைக் காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து வையுங்கள். ஒரு தடவை கடைசி சீட்டுக்குக் கீழே வைத்த பழம் அறுபத்திரண்டாவது வளைவில் கிளம்பி, முழு பஸ்ஸையும் உருண்டு கடந்து, டிரைவர் சீட்டில் முட்டி நின்றது. “எந்த ஸ்டாப்புங்க இறங்கணும்?” என்று அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.