பாய்லர் நின்றுபோனால்: வேலூர்ப் பக்கத்திலிருந்து பிரிட்டன் வருபவர்களுக்கு

வேலூர், காட்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களிலிருந்து வரும் நம்மவர்களுக்குக் கீசர்தான் பழக்கம். அது பழுதானால் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து கழற்றிப் பார்த்துவிடுவார். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஒரே எரிவாயு பாய்லர்தான் குளியலறைக்கும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் சேர்த்து வெந்நீர் தருகிறது.

அது நின்றுவிட்டால், முதலில் சமையல் அடுப்பு எரிகிறதா, ப்ரீபெய்டு மீட்டரில் பணம் இருக்கிறதா, பாய்லரின் சுவிட்ச் போட்டிருக்கிறதா, அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அழுத்தமானி குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டின்படி நீரேற்றி, வால்வுகளை மறக்காமல் மூடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், உறைபனி விழுந்த காலையில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால், குறை பெரும்பாலும் வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் குழாயில்தான் இருக்கும். புகையிலுள்ள நீராவி குளிர்ந்து சொட்டும் நீரை வெளியேற்றும் அந்தக் குழாய் உறைந்து அடைத்துக்கொண்டால், பாய்லர் தானாகவே நின்றுவிடும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சுடுவதையே பார்த்து வளர்ந்த நமக்கு, குழாய்க்குள் தண்ணீர் பனிக்கட்டியாகும் என்று தோன்றவே தோன்றாது. குடியாத்தத்திலிருந்து செவிலியராக வந்த என் தோழிக்கும் தோன்றவில்லை. அவசரத்துக்கு வந்த ஆள், கெட்டில் வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் குழாயின் வளைவில் ஊற்றி, ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு, அவளுடைய ஒரு வார வாடகைக்கு ஈடான தொகையை வாங்கிக்கொண்டார். தங்களைக் கேட்காமல் அழைத்ததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று வீட்டு முகவர் கையை விரித்துவிட்டார். கைக்குழந்தையோடு குளிரில் நடுங்கியவளிடம் இப்படி நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

குழாய் தரையிலிருந்தே கைக்கெட்டினால், அதே வேலையை நீங்களே செய்யலாம். கொதிக்கும் நீர் குழாயை விரிசல் விடச் செய்யும். கை பொறுக்கும் சூடு போதும். வளைவிலும் வெளிமுனையிலும் நிதானமாக ஊற்றுங்கள். கீழே வழியும் நீர் மீண்டும் உறைந்து வழுக்கும் என்பதால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அதன் பிறகும் எரியாவிட்டால் திரும்பத் திரும்ப ரீசெட் செய்ய வேண்டாம், மூடியையும் திறக்க வேண்டாம். அது கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவு அட்டை வைத்திருப்பவரின் வேலை. எரிவாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள். வாடகை வீட்டில் பாய்லரைப் பழுதுபார்ப்பது உரிமையாளரின் கடமை என்று இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், 11-ஆம் பிரிவில் சொல்கிறது. எனவே உரிமையாளரிடமோ முகவரிடமோ தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் அன்றே மின்னஞ்சலிலும் எழுதி, அவர்களுடைய சம்மதம் எழுத்தில் வந்த பிறகே வெளி ஆளை அழையுங்கள்.