ஆலை வளாகத்தில் கைவிட்ட போர்வெல்லை முறையாக அடைப்பது எப்படி?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைப் பகுதிகளில், பழைய வளாகம் எதற்குள் போனாலும் ஓட்டம் நின்ற போர்வெல் ஒன்றிரண்டைப் பார்க்கலாம். மேலே ஒரு தகடு, அதன்மேல் ஒரு கல். குழந்தை விழாமல் இருக்க அது போதலாம். கழிவு இறங்காமல் இருக்கப் போதாது.

இந்தப் பகுதியில் மேலே மண்ணும் சிதைந்த பாறையும், கீழே கடும்பாறையும் இருக்கின்றன. தோல் பதனிடும் கழிவில் உள்ள குரோமியமும் உப்பும் முதலில் சேர்வது மேலடுக்கில். அங்கிருந்து ஆழத்துக்குப் போக, பாறை வெடிப்புகளில் மெல்ல ஊர்ந்துதான் இறங்க வேண்டும். நடுவில் ஒரு போர்வெல் இருந்துவிட்டால் நேராக இறங்கிவிடும். கேசிங் பைப்புக்கு (மேல் மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் குழாய்) வெளியே இருக்கும் சந்து இன்னும் மோசம். போர் போடும்போது பெரும்பாலும் அதை யாரும் அடைப்பதில்லை.

கைவிட்ட போர்வெல்களைக் களிமண், மணல், கல், துளையிடும்போது வந்த பாறைத் தூள் போன்றவற்றால் அடியிலிருந்து நிரப்பச் சொல்லி 2010-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. அது குழந்தைகள் விழுவதைத் தடுப்பதற்காக. ஆலைக்குள் மணலும் கல்லும் போட்டு நிரப்பினால் ஆள் விழமாட்டார், தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். இங்கே வேண்டியது சிமென்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமென்ட் குழம்பு.

1. தேடுங்கள்

பழைய மின் இணைப்பு ஆவணங்கள், இடிந்த மோட்டார் ரூம்கள், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன், இந்த மூன்றிலும் பாதி கிடைத்துவிடும். இரும்பு கேசிங் என்றால் மண்ணுக்குள் புதைந்திருந்தாலும் மெட்டல் டிடெக்டர் காட்டும். வேலை தொடங்குமுன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

2. காலி செய்து அளந்துகொள்ளுங்கள்

மோட்டார், பைப், கேபிள், கயிறு எல்லாம் வெளியே வர வேண்டும். நடுவில் சிக்கிய மோட்டாரின் மேல் சிமென்ட் ஊற்றினால், அதற்குக் கீழே உள்ள துளை அடைபடாமலே நிற்கும். பிறகு போர்வெல் கேமரா இறக்கி, மொத்த ஆழம், நீர்மட்டம், கேசிங் முடியும் இடம், வெடிப்புகள் இருக்கும் ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் மாதிரியும் எடுங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் மொத்த குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நீரின் மேல் எண்ணெயோ கரைப்பானோ மிதந்தால் முதலில் அதை அள்ளி எடுக்க வேண்டும்.

3. கணக்கு

6½ அங்குலத் துளை ஒரு மீட்டருக்குச் சுமார் 21.4 லிட்டர் கொள்ளும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் கிடைப்பது ஏறத்தாழ 41 லிட்டர் பால். 100 மீட்டர் போருக்கு 2,140 லிட்டர், அதாவது 52 மூட்டை. வெடிப்புகளுக்குள் போவதற்கு இன்னும் 15 மூட்டை கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் ஆலைக் கழிவில் சல்பேட் உண்டு என்பதால், சல்பேட் தாங்கும் சிமென்ட் (ஐஎஸ் 12330) வாங்குவது நல்லது.

பென்டோனைட் (தண்ணீரில் ஊதும் ஒரு வகைக் களிமண்) சேர்த்தால் சுருக்கம் குறையும். ஆனால் உப்பு நீரில் அது ஊதாது. அந்தப் போர் நீரில் ஒரு டம்ளர், நல்ல நீரில் ஒரு டம்ளர் எடுத்து இரண்டிலும் ஒரு ஸ்பூன் பென்டோனைட் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் பார்த்தாலே தெரிந்துவிடும். கலப்பதற்கு எப்போதும் நல்ல தண்ணீர்தான்.

4. அடியிலிருந்து ஏற்றுங்கள்

பாலை மேலிருந்து ஊற்றவே கூடாது. நீருக்குள் விழும்போது சிமென்ட் கரைந்து பிரிந்துவிடும், அல்லது நடுவழியில் கட்டியாகி நிற்கும். மோட்டாருக்குப் போடும் 1¼ அங்குல எச்டிபிஇ ஹோஸின் நுனியில் எடை கட்டி (இல்லாவிட்டால் மிதக்கும்), அடித்தரைக்கு ஓரடி மேல் வரை இறக்குங்கள். கிரௌட் பம்ப் (சிமென்ட் பாலை அழுத்தித் தள்ளும் பம்ப்) வைத்து ஏற்றுங்கள். பால் உயர உயர ஹோஸைத் தூக்கலாம், ஆனால் நுனி எப்போதும் ஒன்றரை மீட்டராவது பாலுக்குள் இருக்கட்டும். ஒரு லிட்டர் பால் சுமார் 1.8 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் யாரோ தண்ணீரைக் கூட்டிவிட்டார்கள்.

ஐந்து மூட்டைக்கு ஒருமுறை எடை கட்டிய டேப்பை இறக்கி மட்டம் பாருங்கள். ஐந்து மூட்டைக்கு ஒன்பதரை மீட்டர் உயர வேண்டும். அதைவிட மிக அதிகமாக உயர்ந்தால் கீழே எங்கோ அடைத்து, காலி இடம் விட்டிருக்கிறது. உயரவே இல்லையென்றால் வெடிப்புக்குள் போகிறது. அப்போது பம்ப்பை நிறுத்தி, ஹோஸை மேலே தூக்கி, வெடிப்புக்கு எதிரே மட்டும் கழுவிய சிறு ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அதற்கு மேல் மறுபடி பால் ஏற்றுங்கள்.

பால் ஏற ஏற உள்ளே இருக்கும் நீர் வெளியே தள்ளப்படும். நீர்மட்டம் 20 மீட்டரில் இருந்தால் 1,700 லிட்டர் வரை வரலாம். அதுவும் மாசு நீர்தான். டேங்கில் பிடித்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள், வாய்க்காலில் விடாதீர்கள்.

5. கேசிங்

முடிந்தால், பால் கேசிங்கை எட்டும்போதே ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள். கேசிங்குக்கு வெளியே இருக்கும் சந்துக்குள்ளும் பால் போய் நிரம்பிவிடும். துருப்பிடித்து வராவிட்டால், பால் ஏற்றுவதற்கு முன்பே கேசிங் சுவரில் பல இடங்களில் துளையிட வேண்டும். இந்தப் படியைத்தான் பலரும் தட்டிக்கழிக்கிறார்கள், பிறகு கசிவு வருவதும் இதன் வழியாகத்தான்.

6. மறுநாள்

பால் இறுகும்போது மட்டம் இறங்கும். 24 மணி நேரம் கழித்துப் பார்த்து மறுபடி நிரப்புங்கள். அதுவரை துளைக்கு மேல் பலகை வைத்து வேலியும் போட்டு வையுங்கள். பிறகு சுற்றித் தோண்டி, தரைக்கு ஒன்றரை மீட்டர் கீழே கேசிங்கை வெட்டி, துளையைவிட அகலமாக ஓரடி கனத்தில் கான்கிரீட் மூடி போட்டு, மேலே களிமண் இட்டுக் கெட்டிக்கவும்.

"இதையே மழைநீர் சேகரிப்புக் குழாயாக மாற்றலாமே" என்று யாராவது கேட்பார்கள். ஆலைக்குள் வேண்டாம். கூரையிலிருந்து வரும் நீர் சுத்தமாகவே இருந்தாலும், தரையில் சிந்திய ரசாயனத்தைக் கழுவிக்கொண்டு வரும் நீர் அதே குழாயைக் கண்டுபிடிக்க ஒரு பெருமழை போதும்.