திடீர்னு கண்ணு தெரியலையா? வண்டி வர்றதுக்குள்ள பாக்க வேண்டியது

முதல்ல 108க்கு போன் போடுங்க, இல்ல வண்டிக்கு சொல்லுங்க. கீழ இருக்கிறதெல்லாம் வண்டி வர்ற கேப்புல பாக்குறது, இதுக்காக கிளம்புறத தள்ளிப்போடாதீங்க. பாலக்கோட்டுல எங்க மாமாவுக்கு ஒரு நாள் "இடது கண்ணு போச்சுடா"ன்னு ஆனப்ப கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

ஸ்டெப் 1: மணி

கடைசியா எப்ப நல்லா தெரிஞ்சுதுன்னு கேட்டு பேப்பர்ல எழுதுங்க. காலைல எழுந்திரிக்கும்போதே தெரியலைன்னா, ராத்திரி படுக்கப் போன நேரம்தான் கணக்கு. மூளை ரத்தக்குழாய்ல அடைப்புன்னா (ஸ்ட்ரோக், அதுலயும் பார்வை போகும்) ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், கண்ணு ரத்தக்குழாய் அடைச்சாலும் விழித்திரை சில மணி நேரத்துலயே செத்துப்போயிடும்.

ஸ்டெப் 2: ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்குறது

இங்கதான் எங்க வீட்டுல எல்லாரும் குழம்புனோம். விரலால மூடக்கூடாது, சந்துல தெரிஞ்சுரும், உள்ளங்கைய குழிச்சு அழுத்தாம மூடணும். இதுக்கு மொபைல் ஆப் எதுவும் வேண்டாம், எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல, செவுத்துல தொங்குற தினசரி காலண்டர் போதும், தேதி நல்லா பெருசா இருக்கும். அன்னைக்கு தேதி 24. மாமா இடது கண்ண மூடிட்டு வலது கண்ணால பாத்தாரு, நல்லா இருக்குன்னு சொன்ன கண்ணு அது, அதுலயும் 4 மட்டும்தான் தெரியுதுன்னாரு! மாத்தி மூடுனாலும் அதே 4. அப்புறம் எதுத்தாப்புல உக்காந்து "மாமா, என் மூக்கையே பாருங்க"ன்னு சொல்லிட்டு நாலு மூலைலயும் விரல காட்டுனேன், எந்தக் கண்ணுல பாத்தாலும் இடது பக்கம் மேலயும் கீழயும் ஒண்ணும் தெரியல.

அதாவது போனது இடது கண்ணு இல்ல, ரெண்டு கண்ணுலயும் இடது பாதி. அப்படின்னா கோளாறு கண்ணுல இல்ல, மூளைல, வலது பக்கம். கை கால் நல்லா இருக்கேன்னு நினைக்காதீங்க, பார்வை மட்டும் போற ஸ்ட்ரோக்கும் உண்டு. நேரா ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, கண்ணாடிக் கடைக்கோ கண் கிளினிக்குக்கோ இல்ல. ஆஸ்பிரின் நீங்களா குடுக்காதீங்க, ரத்தக்கசிவா இருந்தா ஆபத்து, ஸ்கேன் பாத்துட்டு அவங்க குடுக்கட்டும்.

இதுக்கு நேர் எதிர் கதையும் இருக்கு. புரை மெதுவா வளந்து ஒரு கண்ணு எப்பவோ மங்கியிருக்கும், நல்ல கண்ணுல தூசி விழுந்து மூடுனப்பதான் தெரிய வரும், உடனே "திடீர்னு போச்சு"ம்பாங்க. அதுவும் இந்த ஸ்டெப்லதான் பிடிபடும்.

ஸ்டெப் 3: வலி இருக்கா

கண்ணு செவந்து, தலைவலி, வாந்தி, லைட்ட சுத்தி வானவில் வட்டம் தெரியுதுன்னா கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். நார்மல் 10லேர்ந்து 21 mmHg, இதுல 50 தாண்டிக்கூட போகும். வாந்தியப் பாத்துட்டு பித்தம்னு மாத்திரை குடுத்து படுக்க வைக்கிறது நம்ம பக்கம் ரொம்ப நடக்குது. சின்ன வயசுக்காரங்களுக்கு கண்ண அசைச்சா வலி, செவப்பு வெளுத்துத் தெரியுதுன்னா பார்வை நரம்பு வீக்கமா இருக்கலாம். அம்பது தாண்டினவங்களுக்கு நெத்திப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலின்னா அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, இஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்ட் பாப்பாங்க.

வலி இல்லாம மின்னல் அடிச்சு, பூச்சி பறந்து, திரை இறங்குற மாதிரின்னா விழித்திரை விலகலா இருக்கலாம். சுகர்காரங்களுக்கு புகை, நூலாம்படை மாதிரின்னா உள்ள ரத்தக்கசிவா இருக்கலாம். ஒரு கண்ணு சட்டுனு இருட்டுனா கண்ணு ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுச்சா? அப்பவும் அன்னைக்கே போங்க, ஸ்ட்ரோக்குக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கையா இருக்கலாம்.

ரெண்டு கண்ணும் சேந்து மங்குது, முந்தின நாள் சாராயம் குடிச்சிருக்காருன்னா மறைக்காம சொல்லுங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில கள்ளச்சாராயம் குடிச்சவங்க செத்தது மெத்தனால்ங்கிற விஷத்தாலதான், அது பார்வை நரம்பையே அழிக்கும்.

ஸ்டெப் 4: ஆஸ்பத்திரில

பிபி, சுகர், கண் அழுத்தம் பாப்பாங்க, அப்புறம் சொட்டு போட்டு கண்ணுப் பாப்பாவ விரிச்சு விழித்திரை பாப்பாங்க. அந்தச் சொட்டுக்கு அப்புறம் சில மணி நேரம் கூசும், பைக் ஓட்ட முடியாது, தனியா போகாதீங்க. உள்ள ரத்தமா இருந்து விழித்திரை தெரியலைன்னா பி-ஸ்கேன் (கண்ணுக்கு எடுக்குற அல்ட்ராசவுண்ட்) எடுப்பாங்க. சேலத்துக்கு எழுதிக் குடுத்தா காலைல பாத்துக்கலாம்னு திரும்பி வராதீங்க, தொப்பூர் கணவாய்ல லாரி நிக்கும், அதுக்கும் சேத்து டைம் வச்சு கிளம்புங்க.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மெடிக்கல்ல கேட்டு வாங்குன சொட்டு எதையும் கண்ணுல விடாதீங்க.

அப்டேட்: கமெண்ட்ல அரூர்க்காரர் ஒருத்தர், விழித்திரை ஆபரேஷன் முடிஞ்சு கண்ணுக்குள்ள கேஸ் (வாயு) அடைச்சு வச்சிருக்காங்க, ஏற்காடு விசேஷத்துக்கு போலாமான்னு கேட்டிருந்தார். வேண்டாங்க. மேல ஏற ஏற கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறும், விமானமும் அதே கதைதான். கேஸ் முழுசா கரைஞ்சிடுச்சுன்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னப்புறம் போங்க.