ஸ்நூக்கர் தரவரிசைப் போட்டியைப் புரிந்து பார்ப்பது எப்படி?

ஸ்நூக்கர் ஆட்டம் ஓரளவு தெரியும். சிவப்பு, கலர், மறுபடி சிவப்பு என்று அடிப்பது தெரியும். ஆனால் ஒரு பெரிய போட்டி தொடங்கினால் யார் எதற்காகப் போராடுகிறார்கள் என்பது பிடிபடுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆட்ட விதிகளை இங்கே சொல்லப்போவதில்லை. போட்டியை எப்படித் தொடர்வது என்பதை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இது தரவரிசைப் போட்டிதானா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஜெயிக்கும் பணம் வீரர்களின் தரவரிசைப் பட்டியலில் சேர்ந்தால்தான் அது தரவரிசைப் போட்டி. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடக்கும் மாஸ்டர்ஸ் எவ்வளவோ புகழ்பெற்றது. ஆனால் அது முதல் 16 வீரர்களுக்கான அழைப்புப் போட்டி, அங்கே ஜெயிக்கும் பணம் தரவரிசையில் ஏறாது. சாம்பியன் ஆஃப் சாம்பியன்ஸும் அப்படித்தான். ஒருமுறை பந்துகளை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு ஃப்ரேம். ஒரே ஃப்ரேமில், அதிகபட்சம் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும் ஷூட் அவுட் என்ற போட்டி 2017 முதல் தரவரிசைப் போட்டி. மற்றப் போட்டிகளோடு அதைச் சமமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் கருத்து எதுவானாலும் பட்டியலில் அது எண்ணப்படுகிறது.

படி 2: எத்தனை ஃப்ரேம்?

திரையில் இரண்டு வீரர்களின் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 3 (11) 2 என்று இருந்தால், அதிகபட்சம் 11 ஃப்ரேம், முதலில் 6 எடுப்பவர் வெற்றி.

யுகே சாம்பியன்ஷிப்பில் இறுதிக்கு முன்புவரை 11 ஃப்ரேம், இறுதியில் 19. ஷெஃபீல்டில் க்ரூசிபிள் அரங்கில் 1977 முதல் நடந்துவரும் உலக சாம்பியன்ஷிப்பில் முதல் சுற்றே 19 ஃப்ரேம். அடுத்த சுற்றும் காலிறுதியும் 25, அரையிறுதி 33, இறுதி 35.

இவ்வளவு நீளமான ஆட்டத்தை ஒரே மூச்சில் ஆட முடியாது. அதனால் செஷன்களாகப் பிரிக்கிறார்கள். 5-4 என்ற நிலையில் இருவரும் எழுந்து போய்விட்டால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று சேனலை மாற்றிவிடாதீர்கள். முதல் செஷன்தான் முடிந்திருக்கிறது. மீதி ஆட்டம் சில நேரம் மறுநாள் வரும்.

செஷன் இடைவெளி ஆட்டத்தையே புரட்டிப் போடும். 2023 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் லூக்கா பிரெசெல், சீனாவின் சி ஜியாஹூயிடம் 5-14 என்று பின்தங்கியிருந்தார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கிருந்து வரிசையாக ஃப்ரேம்களை எடுத்து 17-15 என்று ஜெயித்தார். க்ரூசிபிளின் மிகப்பெரிய மீட்சி அது. ஆட்டத்தின் முதல் பாதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

படி 3: மேசையில் எவ்வளவு மிச்சம்?

மிச்சமிருக்கும் சிவப்புப் பந்துகளை 8ஆல் பெருக்கி, அதோடு 27ஐக் கூட்டுங்கள். ஒரு சிவப்புக்கு 1, அதன் பின் கருப்புக்கு 7, ஆக 8. ஆறு கலர் பந்துகளும் கடைசியில் வரிசையாக விழுந்தால் 27.

மூன்று சிவப்பு இருந்தால் 24 + 27 = 51. ஒருவர் 52 புள்ளி முன்னிலையில் இருந்தால், எதிராளி எல்லாவற்றையும் போட்டாலும் எட்ட முடியாது. வர்ணனையாளர் 'ஸ்நூக்கர்ஸ் ரிக்வயர்ட்' என்று சொல்வது இதைத்தான். இனி எதிராளியைத் தவறு செய்யவைத்து அபராதப் புள்ளி வாங்கினால்தான் வழி. அபராதம் குறைந்தது 4, அதிகபட்சம் 7. முன்னிலை சரியாக 51 என்றால் இன்னும் சமன் செய்யலாம். அப்போது கருப்புப் பந்தை மறுபடி அதன் இடத்தில் வைத்து, அந்த ஒரே பந்தில் ஃப்ரேமைத் தீர்மானிப்பார்கள்.

படி 4: தரவரிசைக் கணக்கு

புதிதாகப் பார்க்க வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் இது பிடிபட வெகுநாள் ஆனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014-15 சீசன் முதல் தரவரிசை என்பது பரிசுப்பணம்தான். ஒரு பவுண்டு, ஒரு புள்ளி. கடைசி இரண்டு வருடங்களில் தரவரிசைப் போட்டிகளில் ஜெயித்த தொகையின் கூட்டுதான் பட்டியல். இதுவரை எளிது.

சிக்கல் 'கடைசி இரண்டு வருடங்கள்' என்பதில் இருக்கிறது. பட்டியல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு போட்டி முடிந்ததும் அதன் பணம் சேரும். அதே நேரத்தில், இரண்டு வருடத்துக்கு முன் அதே போட்டியில் கிடைத்த பணம் கழியும். ஆகவே ஒருவர் இந்த வாரம் எவ்வளவு ஜெயித்தார் என்று மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு இழக்கப்போகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரெசெலையே எடுத்துக்கொள்வோம். 2023இல் இறுதியில் மார்க் செல்பியை 18-15 என்று வென்று உலக சாம்பியன் ஆனார், 500,000 பவுண்டு. 2024இல் முதல் சுற்றிலேயே டேவிட் கில்பர்ட்டிடம் 9-10 என்று வெளியேறினார். 2025இல் நன்றாகவே ஆடி காலிறுதிவரை வந்து ஜட் டிரம்பிடம் தோற்றார், 50,000 பவுண்டு. அந்தப் போட்டி முடிந்த அன்று அவர் கணக்கில் 50,000 ஏறி 500,000 இறங்கியது. காலிறுதிவரை ஆடியவர் முதல் 16 பேர் பட்டியலிலிருந்து வெளியே போனார். போட்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது விளங்கவே விளங்காது.

இதன் மறுபக்கம் அதே 2025இல் நடந்தது. ஷாவ் ஷின்டாங் அப்போது தொழில்முறை வீரராகவே இல்லை. தகுதிச்சுற்றில் தொடங்கி, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்றார். கையில் எந்தப் புள்ளியும் இல்லாதவர், ஒரே போட்டியின் பணத்தால் 11ஆம் இடத்துக்கு வந்தார். அந்த 500,000 கழிவது 2027 உலக சாம்பியன்ஷிப் முடியும்போதுதான்.

இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. போட்டிக்கு முன் உங்களுக்குப் பிடித்த வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே போட்டியில் அவர் எந்தச் சுற்றுவரை போனார் என்று பாருங்கள். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இப்போது உறுதியான தொகையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருடைய உண்மையான லாபம் அல்லது நஷ்டம்.

படி 5: எந்தக் கோட்டைக் கவனிப்பது?

பட்டியலில் இரண்டு கோடுகள் முக்கியம். ஒன்று 16. அதற்குள் இருந்தால் க்ரூசிபிளுக்கு நேரடி நுழைவு, வெளியே இருந்தால் தகுதிச்சுற்று. இன்னொன்று 64. சீசன் முடிவில் அதற்குள் இருப்பவர்கள் தொழில்முறைச் சுற்றில் நீடிக்கிறார்கள். தொழில்முறையில் ஆட அனுமதிக்கும் இரண்டு வருட அட்டையில் முதல் வருடம் முடித்தவர்களுக்கும் கவலை இல்லை. மற்றவர்களுக்கு வேலையே போகும் நிலை. கோப்பைக்கான ஆட்டத்தைவிட 64ஆம் இடத்துக்கான ஆட்டத்தை நான் ஆர்வமாகப் பார்ப்பேன். ஏதோ ஒரு ஓர மேசையில், காலி இருக்கைகளுக்கு முன்னால், ஒரு மனிதரின் பிழைப்பு ஒரு பிங்க் பந்தில் தொங்கும்.

ஒரு வருடப் பட்டியல் ஒன்றும் தனியாக உண்டு. வேர்ல்ட் கிராண்ட் ப்ரீக்கு அதில் முதல் 32 பேர், ப்ளேயர்ஸ் சாம்பியன்ஷிப்புக்கு 16, டூர் சாம்பியன்ஷிப்புக்கு 12 பேர் போகிறார்கள். டூர் சாம்பியன்ஷிப்பில் 2024க்கு முன்பு 8 பேர்தான்.

எதில் பார்ப்பது?

ட்ராவுக்கும் (யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற பட்டியல்) தற்காலிகத் தரவரிசைக்கும் என் தேர்வு ஸ்நூக்கர் டாட் ஆர்க். பார்க்கப் பழைய தளம் போலத்தான் இருக்கும், ஆனால் தேடுவது கிடைத்துவிடும். பழைய ஆட்டங்களையும் சதங்களையும் தேட க்யூ டிராக்கர். கணக்குக்கு மட்டும் செயலி எதுவும் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். கையால் கழித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கிறது.

பிற்சேர்க்கை

படி 3இல் சொன்ன கணக்கு சில நேரம் திரையில் வருவதோடு ஒத்துப்போகவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். இரண்டு காரணங்கள் இருக்கலாம். சிவப்பு விழுந்து கலர் இன்னும் அடிக்கவில்லை என்றால், மிச்சத்தோடு 7ஐச் சேர்க்க வேண்டும். அப்புறம், எதிராளியின் தவறால் ஃப்ரீ பால் கிடைத்தால் ஒரு கலரையே சிவப்பாகக் கணக்கில் வைத்து அடிக்கலாம், அதனால் இன்னொரு 8 கூடும்.

அடிக்க வேண்டிய பந்தைத் தொட ஒருவர் போதிய முயற்சி செய்யவில்லை என்று நடுவர் கருதினால் 'மிஸ்' சொல்வார். அதைச் சொல்லாமல் நடுவர் சில நேரம் ஏன் விட்டுவிடுகிறார் என்றும் கேட்டார்கள். ஸ்நூக்கர் தேவைப்படும் நிலைக்கு ஃப்ரேம் வந்துவிட்டால் பொதுவாக மிஸ் விதி பொருந்தாது. தவறுக்கான அபராதம் மட்டும் உண்டு.

ஒரே பிரேக்கில், அதாவது மேசையை விட்டு எழாமல் தொடர்ந்து ஆடி, 147 புள்ளி அடித்தால் கிடைக்கும் தனிப்பரிசு தரவரிசையில் சேருமா? சேராது. அந்தப் போட்டியிலேயே உயர்ந்த பிரேக்குக்கான பரிசும் சேராது. எந்தச் சுற்றுவரை போனார் என்பதற்கான தொகை மட்டும்தான். அதிலும் சில போட்டிகளில், சீடிங் பெற்று, அதாவது தரவரிசையில் மேலே இருப்பதால், நேரடியாக வந்தவர் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பணம் கைக்கு வரும், பட்டியலில் ஏறாது.