வாசகர்களோடு சேர்ந்து நிதி திரட்ட ஒரு முகநூல் ஏலம்: எழுதுபவர்களுக்கான செய்முறை

2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காடுகள் பற்றி எரிந்தபோது, அந்நாட்டு எழுத்தாளர்கள் ட்விட்டரில் ஓர் ஏலம் நடத்தினார்கள். 'ஆத்தர்ஸ் ஃபார் ஃபையரீஸ்' (தீயணைப்பு வீரர்களுக்காக எழுத்தாளர்கள்) என்பது அதன் குறிச்சொல். ஒவ்வொருவரும் தம்மால் தர முடிந்ததை அறிவிக்க, வாசகர்கள் அங்கேயே விலை கேட்டார்கள். வென்றவர் தீயணைப்பு அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் செலுத்தி ரசீதைக் காட்டினார். ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்ந்தது.

'நேரடியாக' என்ற சொல்லைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். முதல் முறை ஒரு கிராம நூலகத்துக்காக ஏலம் நடத்தியபோது என் யுபிஐ எண்ணையே கொடுத்துவிட்டேன். புத்தகம் வாங்கியவர்களின் பணமும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட, பிரித்து எழுதவே மூன்று இரவுகள் ஆயின. "நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா, தம்பி?" என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை அன்போடுதான் கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பணம் உங்கள் கையைத் தொடவே கூடாது.

1. முதலில் வாசகர்கள். ஏலத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு பத்தி எழுதுங்கள். வரும் பின்னூட்டம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவைவிட வாட்ஸ்அப் சேனலையே பரிந்துரைப்பேன். குழுவில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் பலர் அதனாலேயே விலகிப் போகிறார்கள்.

2. அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, உடனே ரசீது தருவார்களா, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு ('80ஜி' என்பார்கள்) உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. ஏலப் பதிவு. ஒரு பொருளுக்கு ஒரு பதிவு. தொடக்க விலை, குறைந்தபட்ச உயர்வு, முடியும் நேரம் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். கையெழுத்திட்ட பிரதியைவிட, அடுத்த கதையில் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் உரிமைக்கே எனக்கு அதிக விலை கிடைத்தது.

4. ஏலத்தை முடிப்பது. இங்கேதான் இரண்டாம் முறை தவறினேன். இரவு 9 மணிக்கு முடிவு. 1,500 ரூபாய் கேட்டவரை வென்றவராக அறிவித்துவிட்டேன். 8:58க்கே 1,800 கேட்ட ஒருவர் இருந்தார். அவருடைய பின்னூட்டம் என் கண்ணில் படவே இல்லை. முகநூல் தானாகவே 'மிகவும் பொருத்தமானவை' என்ற வரிசையில் காட்டும், சிலவற்றை மறைத்தும் வைக்கும். முடிவு சொல்லும் முன் 'எல்லாப் பின்னூட்டங்களும்' என்று மாற்றி, ஒவ்வொன்றின் நேரத்தையும் பாருங்கள். பிறகு திரையைப் படமெடுத்து அதே பதிவில் போடுங்கள். அன்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இருவருமே பணம் செலுத்தினார்கள், ஏலத்தில் சொன்னதை இருவருக்கும் எழுதிக்கொடுத்தேன்.

5. ரசீது. வென்றவர் அமைப்புக்குச் செலுத்திய ரசீதை உங்களுக்கு அனுப்புவார். அதில் முகவரி, பான் எண், தொலைபேசி எண் இருந்தால் மறைத்த பிறகே பொதுவில் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: கனடா வாசகர் ஒருவர் ஏலத்தில் வென்றபின்தான் இது தெரிந்தது. எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத இந்திய அமைப்பு வெளிநாட்டுக் குடிமக்களிடம் நன்கொடை பெறக் கூடாது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அதே விதிதான். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. ஊரில் இருக்கும் உறவினர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். அந்த வாசகர் தம் ஊர் உணவு வங்கிக்குக் கொடுத்து, அந்த ரசீதை அனுப்பினார். இப்போது அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உண்டா என்பதை ஏல அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறேன்.

6. சொன்னதைக் கொடுங்கள். பாத்திரப் பெயரை வென்ற அம்மா, இறந்துபோன தம் தாயின் பெயரைக் கொடுத்தார். நான் அந்த இடத்தில் எழுதி வைத்திருந்தது ஈவிரக்கமில்லாத ஒரு வட்டிக்காரி. கதையை மாற்றி, அந்தப் பெயரைப் பள்ளிக்கு நிலம் எழுதிக்கொடுக்கும் பாட்டிக்கு வைத்தேன். எப்படிப்பட்ட பாத்திரம் என்பதை ஏலப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பக்கங்களை அவரிடம் காட்டுங்கள்.