வெண்குறுமீனுக்குள் கார்பன் கொதிப்பு: மேஸ்ட்ரோஇஎக்ஸில் முதல் ஓட்டம்

லினக்ஸ், எம்பிஐ, கிட் பழக்கம் உள்ளவர்களுக்கான குறிப்பு இது. 1ஏ வகை சூப்பர்நோவாவாக வெடிக்கும் முன் வெண்குறுமீனின் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) மையத்தில் நடக்கும் வெப்பச்சலனத்துக்கு என் தேர்வு மேஸ்ட்ரோஇஎக்ஸ் என்ற உருவகப்படுத்தல் நிரல்தான். காரணம், காலப்படி: ஒவ்வொரு கணக்கீட்டிலும் நிரல் முன்னேறும் நேர அளவு. 5000 கிமீ பக்கமுள்ள கனசதுரத்தில் பக்கத்துக்கு 384 கட்டம் என்றால் ஒரு கட்டம் 13 கிமீ. மையத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 9000 கிமீ ஓடும். வாயுவோ 100 கிமீதான். ஒலியைப் பின்தொடரும் நிரலுக்கு ஒரு மணி நேர நிகழ்வுக்கு 36 லட்சம் படி வேண்டும். ஒலி அலைகளை வடிகட்டிவிடும் தாழ் மாக் முறைக்கு (ஒலியைவிட மிக மெதுவான ஓட்டத்துக்கானது; மேஸ்ட்ரோஇஎக்ஸ் இந்த வகை) 40 ஆயிரம் போதும்.

1. ஏஎம்ரெக்ஸ் (கட்டங்களைக் கையாளும் நூலகம்), மைக்ரோபிசிக்ஸ் (நிலைச் சமன்பாடு, அணுக்கருவினை நிரல்கள்), மேஸ்ட்ரோஇஎக்ஸ் மூன்றையும் இறக்கி, அவற்றின் பாதைகளைச் சூழல் மாறிகளில் கொடுங்கள்.

2. நிலைச் சமன்பாட்டுக்கு (அடர்த்தி, வெப்பநிலையிலிருந்து அழுத்தம் தரும் உறவு) ஹெல்ம்ஹோல்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். வேறு அடைவிலிருந்து ஓட்டினால் அதன் அட்டவணைக் கோப்பையும் கூடவே நகலெடுங்கள். இல்லையேல் தொடங்கியதுமே நின்றுவிடும்.

3. முப்பரிமாணத்தில் தொகுங்கள். கோள வடிவ அமைப்பு இருபரிமாணத்தில் ஓடாது. சோதனைக்கு எட்டில் ஒரு பங்கு கோளம் போதும்.

4. தொடக்க மாதிரி: மைய அடர்த்தி கன செமீக்கு 2.6×10⁹ கிராம், வெப்பநிலை 6×10⁸ கெல்வின், கார்பன் 0.3, ஆக்சிஜன் 0.7.

பெரும்பாலும் சறுக்குவது இந்த நான்காம் படியில்தான். மாதிரியை உருவாக்கியதும் அதே ஹெல்ம்ஹோல்ட்ஸாக இருக்க வேண்டும். ஆர இடைவெளியும் நிரலின் அடிநிலை (ஆரத்தை மட்டும் பொறுத்த சராசரி அமைப்பு) இடைவெளியோடு பொருந்த வேண்டும். ஒரு கட்டத்தை ஐந்தாகப் பிரித்தால் (காரணி 5) அது 2.6 கிமீ. பொருந்தாவிட்டால் அழுத்தமும் ஈர்ப்பும் சமனாகாமல், வெப்பமே இல்லாத இடத்திலும் வாயு நகரும். அணுக்கருவினையை அணைத்துவிட்டுச் சில நூறு படிகள் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் மாதிரியில்தான் கோளாறு. கட்டங்களைக் கூட்டி மறைக்கப் பார்க்காதீர்கள்.

5. வினையை இயக்குமுன் மையத்தருகே சிறு வேகக் கலக்கம் தூவுங்கள். ஒலிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். கார்பன் எரிவீதம் வெப்பநிலையின் சுமார் 23-ஆம் அடுக்கில் ஏறும்: 5 சதவீதம் சூடேறினால் மூன்று மடங்கு. வெப்பத்தைச் சுமந்து செல்ல ஓட்டமே இல்லையென்றால் மையம் பொய்யாகப் பற்றிக்கொள்ளும்.

6. மேற்பரப்பில் அடர்த்தி சரிவதால் வேகம் எகிறி, காலப்படி சுருங்கும். அனெலாஸ்டிக் வெட்டெல்லை (இந்த அடர்த்திக்குக் கீழே நிரல் எளிய வேகக் கட்டுப்பாட்டுக்கு மாறும்) கன செமீக்கு 10⁶ கிராம், அடிநிலை வெட்டெல்லை (இதற்குக் கீழே அடிநிலை அடர்த்தி மாறாமல் நிற்கும்) 10⁵ எனத் தொடங்கி, வேகத்தைத் தணிக்கும் ஸ்பாஞ்சையும் போடுங்கள். எல்லையைச் சற்று மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். மைய வெப்பநிலை வரைபடம் மாறக் கூடாது.

பிற்சேர்க்கை: உர்கா விளைவு (அணுக்கருக்கள் மாறி மாறி உருமாறி, நியூட்ரினோக்களாக ஆற்றலை இழப்பது) ஏன் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு: எளிய கார்பன் வலையில் (நிரல் கணக்கிடும் அணுக்கருவினைகளின் தொகுப்பில்) அது இல்லை. சோடியம்-23, நியான்-23 இரண்டும் உள்ள வலை வேண்டும். மைய அடர்த்தி 1.7×10⁹-ஐத் தாண்டியிருக்கவும் வேண்டும்.

மையம் 8×10⁸ கெல்வினைக் கடந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். அதன் பிறகான சுடருக்குக் காஸ்ட்ரோ (ஒலியையும் பின்தொடரும் நிரல்) தான் சரி. அதுவும் ஏஎம்ரெக்ஸ் மேல் எழுந்தது, பயன்படுத்தும் மைக்ரோபிசிக்ஸும் அதேதான்.