ஸ்பெக்ட்ரமில் கேசட் ஏறவில்லையா? திரையின் ஓரத்தைப் பாருங்கள்

கேம்பிரிட்ஜின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி, 48 கிலோபைட் நினைவகத்துடன் 175 பவுண்டுக்கு விற்றது. வட்டு இயக்கி வாங்கப் பணமில்லாத பிரிட்டிஷ் மாணவர்கள், பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டரிலேயே நிரல்களைச் சேமித்தார்கள். இன்று அந்தக் கணினியை வாங்கிப் பழகுகிறவர்கள் முதலில் திணறுவதும் இந்தக் கேசட்டில்தான். கோளாறு எங்கே என்பதைத் திரையே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

1. மின்சாரத்தைச் சரிபாருங்கள். 9 வோல்ட் டிசி அடாப்டர் வேண்டும். இதன் முனையில் உட்பக்கம் எதிர்மின், வெளிப்பக்கம் நேர்மின். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் இதற்குத் தலைகீழ். மல்டிமீட்டரால் பார்க்காமல் செருகவே செருகாதீர்கள்.

2. ரெக்கார்டரின் 'இயர்' துளையையும் கணினியின் 'இயர்' துளையையும் 3.5 மி.மீ. கம்பியால் இணையுங்கள். ஒலியளவு முக்கால் பங்கு, ட்ரெபிள் (கீச்சொலியைக் கூட்டும் திருகு) முழுமையாக.

3. 'ஜே' விசையைத் தட்டினால் 'லோட்' என்ற கட்டளை முழுச்சொல்லாகவே வரும். சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 'பி'யை இருமுறை தட்டினால் மேற்கோள் குறிகள். பிறகு என்டர், கேசட்டை ஓடவிடுங்கள்.

4. இப்போது திரையின் ஓரப்பட்டையைக் கவனியுங்கள். சிவப்பும் வெளிர்நீலமுமாக அகலமான கோடுகள் சீராக ஓடினால், தொடக்க ஒலி கணினிக்குக் கேட்கிறது என்று பொருள். அடுத்து மெல்லிய நீல, மஞ்சள் கோடுகள் ஒரு கணம் பறக்கும். அது நிரலின் பெயரைத் தாங்கிய தலைப்புப் பகுதி. பெயர் திரையில் வந்ததும் மீண்டும் சிவப்புக் கோடுகள், பிறகு நீண்ட நேரம் நீல, மஞ்சள். அதுதான் நிரல்.

கோடுகளே இல்லையா? கம்பி தவறான துளையில் இருக்கிறது, அல்லது ஒலி போதவில்லை. கோடுகள் வந்தும் பெயர் வரவில்லையா? தலைப்புப் பகுதி பழுதாக வாசிக்கப்பட்டிருக்கிறது. அப்போது கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டாது, பேசாமல் அடுத்த தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கும். அது வேலை செய்வதாக நினைத்துப் பலர் வீணாகக் காத்திருக்கிறார்கள். பெயர் வந்த பிறகு 'டேப் லோடிங் எரர்' என்றால், பழுது நிரல் பகுதியில். மறுபடி ஓட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் நாடாவில் கீறலோ மடிப்போ இருக்கும். வெவ்வேறு இடங்களில் நின்றால் ரெக்கார்டரைச் சந்தேகியுங்கள்.

5. ரெக்கார்டரில் முதலில் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு வாசிக்கும் பகுதியை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஹெட்டின் சாய்வைத் திருத்த வேண்டும். ஹெட்டின் ஒரு பக்கத்தில், அடியில் ஸ்பிரிங் வைத்த சிறு திருகு இருக்கும். 'இயர்' கம்பியைக் கழற்றி, நிரல் கேசட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அந்தத் திருகை மிக மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்குள் வித்தியாசம் தெரியும். ஒலி மூடிய கதவுக்குப் பின்னால் கேட்பதுபோல் மங்கினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கீச்சொலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம். இந்த வேலையைக் கண்ணால் செய்ய முடியாது, காதால்தான் முடியும். ஸ்பெக்ட்ரம் பழகுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஒரே நேரத்தில் ஒலியளவையும் திருகையும் மாற்றாதீர்கள், எது பலித்தது என்றே தெரியாமல் போகும்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: பழைய சாய்வில் நீங்கள் பதிந்த கேசட்டுகள் புதிய சாய்வில் ஏறாமல் போகலாம். ஆகவே திருகைத் தொடுமுன் உங்கள் சொந்த நிரல்களை வேறொரு நல்ல ரெக்கார்டரில் பதிந்துவையுங்கள்.

6. சேமிக்கும்போது கணினியின் 'மைக்' துளையையும் ரெக்கார்டரின் 'மைக்' துளையையும் இணைக்கும் 'மைக்' கம்பி மட்டும் இருக்கட்டும், 'இயர்' கம்பியைக் கழற்றிவிடுங்கள். 90 நிமிடக் கேசட்டின் நாடா மெல்லியது, எளிதில் இழுபடும். குறுகிய கேசட்டே மேல். 'சேவ்' முடிந்ததும் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, 'மைக்'கைக் கழற்றி 'இயர்' கம்பியைச் செருகி, 'வெரிஃபை' கட்டளை கொடுங்கள். பதிவானதும் நினைவகத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று கணினி ஒப்பிட்டுச் சொல்லும். பிழை காட்டினாலும் நிரல் நினைவகத்தில் பத்திரமாகவே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தாமல் மறுபடியும் சேமியுங்கள்.